அறுபது அடி கிழக்கே

அகஸ்ரின் அண்ணையிடம் வழி கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்பதில்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் என் மகள் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார் மனிதர். நான் பாதி வழியில் நின்று அவருக்குப் போன் அடித்தேன். அவர் தெருப் பெயரும் சொல்லவில்லை, இலக்கமும் சொல்லவில்லை.

"தண்ணித் தாங்கி தெரியுதோ லெஸ்லி? அதுக்கு நேர பின்னால ஒரு பச்சைக் கூரை நிக்குது. ரெண்டும் ஒண்டாத் தெரிய வாற றோட்டால திரும்பு. கூரை தாங்கியை விட்டு வலப்பக்கம் தள்ளினா நீ தாண்டிட்டாய்."

நான் எரிச்சலோடு போனை வைத்துவிட்டு ஜி.பி.எஸ்.ஸை நம்பிப் போனேன். அது புதிய குடியிருப்பு. அந்தத் தெருவைப் பற்றி ஜி.பி.எஸ்.ஸுக்கே இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு மண்குவியலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டாய் என்றது. பிறகு மானத்தை விட்டுத் தண்ணித் தாங்கியைத் தேடினேன். ஐந்து நிமிடத்தில் மகள் வீட்டு வாசலில் நின்றேன்.

அகஸ்ரின் அண்ணை பிறந்தது மன்னார்த் தீவின் தென்கரையில், கோரைமுனை என்ற எங்கள் ஊரில். இருபத்தெட்டு வயது வரை கடல் தொழில். எண்பத்தொன்பதில் ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்து எழும்பி, டவுன்ரவுணில் உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடி துடைக்கும் வேலைக்குப் போனார். கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று துடைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பலர் முதல் நாளே இறங்கி ஓடிய வேலை அது. அவர் இருபத்திரண்டு வருடம் செய்தார். பயமில்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"கடலில பதிய நிண்டு மேல பாத்தன். இஞ்ச உயர நிண்டு கீழ பாக்கிறன். கண்ணுக்கு ரெண்டும் ஒரே வேலைதான்" என்றார்.

கடலில் அவர் பார்த்தது என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊருக்கு முன்னால் கடலுக்குள் கல் பார் ஒன்று மதில் போலக் கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் முதுகு தெரியும், நிரம்பினால் தெரியாது. அதில் நூறு அடிகூட இல்லாத ஓர் இடைவெளி உண்டு. அதற்கு வாசல் என்று பெயர். படகுகள் அதற்குள்ளால்தான் கரைக்கு வரும். கடலில் நிற்பவனுக்கு வாசல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கரையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது, ஐந்தாறு பேர் கைகோத்துச் சுற்றினாலும் எட்டாத பெரிய மரம். அதற்குப் பின்னால் எழுநூறு அடி உள்ளே செபஸ்தியார் கோயிலின் வெள்ளைக் கோபுரம். மரமும் கோபுரமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்படி படகைப் பிடித்துக்கொண்டு வந்தால் வாசலுக்குள்ளால் வந்துவிடலாம். இதைத்தான் நேர் பிடிப்பது என்பார்கள்.

கடலில் இப்படிப் பல நேர்கள் உண்டு. மீன் கிடைக்கும் ஒவ்வொரு பாருக்கும் ஒரு நேர். அதைக் கண்டுபிடித்தவரின் பெயர்தான் அந்த நேருக்கு. மனுவல் நேர், சந்தியான் நேர் என்று செத்து நூறு வருடமான மனிதர்களையும் படகுக்காரர்கள் தினமும் வாயால் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வாசலுக்குரிய நேருக்கு மட்டும் ஆள் பெயர் கிடையாது. முதலில் பிடித்தவர் யாரென்று தெரியாததால் அதைக் கோயில் நேர் என்றே சொல்லி வந்தார்கள்.

தொண்ணூறில் ஷெல் விழுந்து கோபுரம் சரிந்தது. ஊரும் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்த சனம் வாசலைப் பயன்படுத்தவில்லை. பாரைச் சுற்றி மேற்குப் பக்கத்தால் ஒரு மணித்தியாலம் கூடுதலாக ஓடிக் கரைக்கு வந்தார்கள். காற்றுக் காலத்தில் அந்தச் சுற்றுப் பாதை ஆபத்தானது. அதில் இரண்டு படகுகள் கவிழ்ந்தன.

இனி எங்கள் சங்கத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் உள்ள கோரைமுனைச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எங்களுக்கு ஒரு வியாதி உண்டு, அதன் பெயர் கல். ஊரில் எதைச் செய்து கொடுத்தாலும் பக்கத்தில் கறுப்புப் பளிங்கில் பெயர்களைப் பொறித்து நட்டுவிடுவோம். பஸ் தரிப்பிடத்தில் ஒரு கல், செத்தவர்களைப் புதைக்கும் சேமக்காலையின் வாசலில் ஒரு கல், ஒல்லாந்தர் காலத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல். அந்தக் கிணற்றுக் கல்லில் கிணற்றைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, வாளி வாங்கிக் கொடுத்தவர்களைப் பற்றிப் பதினான்கு வரி இருக்கிறது. பாடசாலையில் குடிதண்ணீர்க் குழாய் போன வருடம் உடைந்துவிட்டது. கல் நன்றாக நிற்கிறது. இவை எல்லாவற்றிலும் உள்ள வாசகங்களை எழுதியவன் நான்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் கோபுரத்தைத் திரும்பக் கட்டுவதென்று முடிவெடுத்தோம். தலைவர் அன்புராசா திட்டத்தைப் படமாகவே கொண்டுவந்து கூட்டத்தில் விரித்தார். பழைய கோபுரத்தைவிட உயரம். ஆனால் இடம் வேறு. திருநாளுக்கு வெளிநாட்டிலிருந்து போகிறவர்களின் வான்கள் நிற்க இடமில்லை என்பதால், பழைய அத்திவாரத்தை மூடி வாகனத் தரிப்பிடம் ஆக்கிவிட்டு, கோபுரத்தை அறுபது அடி கிழக்கே கட்டுவதாக இருந்தது. கடலைப் பார்த்த சுவர் முழுக்கக் கறுப்புப் பளிங்கு, அதில் எங்கள் எல்லோருடைய பெயர்களும். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். என் பெயர் மூன்றாம் வரியில் இருந்தது.

கடைசிக் கதிரையில் இருந்து அகஸ்ரின் அண்ணை எழும்பினார்.

"கோபுரம் இருந்த இடத்திலதான் நிக்க வேணும். அரக்கேலாது" என்றார்.

"அகஸ்ரின், அறுபது அடிதானே. ஊரில ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார் அன்புராசா.

"ஊரில நிக்கிறவனுக்குத் தெரியாது. கடலில நிக்கிறவனுக்குத் தெரியும். கோயில் நேர் பிழைச்சுப் போகும்."

அன்புராசாவின் மகள் ஷரோன் கட்டடப் பொறியியலாளர். படத்தை வரைந்தவளும் அவள்தான். பணிவாகவே பேசினாள்.

"அங்கிள், இப்ப எல்லாப் போட்டிலயும் ஜி.பி.எஸ். இருக்கு. கோபுரம் பாத்து ஒருத்தரும் ஓட்டுறேல்லை, நோபடி யூசஸ் எ ரவர் எனிமோர்."

"பிள்ளை, போன் நனைஞ்சா என்ன செய்வினம்? கண்ணால கரையைத்தான் பாப்பினம். வெள்ளைக் கோபுரம் நிக்குது, மரம் நிக்குது, நேர் பிடிச்சு வா எண்டு வயசான ஒருத்தன் சொல்லுவான். நேராப் பாரில கொண்டுபோய் ஏத்துவினம். கோபுரம் இல்லாட்டிப் பறவாயில்லை, சுத்திக்கொண்டு வருவினம். பிழையான இடத்தில நிக்கிற கோபுரம் ஆளைக் கொல்லும்."

எல்லோருக்கும் அலுத்துவிட்டது. யாரோ பின்னாலிருந்து, அண்ணைக்கு எதையும் எதிர்க்காவிட்டால் சோறு இறங்காது என்றார்கள். சிரித்தோம். நான் கூட்ட அறிக்கையில், 'திரு. அகஸ்ரின் ஆட்சேபம் தெரிவித்தார், கவனிக்கப்பட்டது' என்று எழுதினேன். சங்க அறிக்கைகளில் கவனிக்கப்பட்டது என்றால் ஒருவரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். இறுதி வாக்கெடுப்பை ஆடி மாத ஒன்றுகூடலுக்கு அடுத்த கிழமைக்கு வைத்தோம்.

அந்த ஒன்றுகூடலை மோர்னிங்சைட் பார்க்கில் நடத்தினோம். கொத்துரொட்டி, கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை என்று வழக்கமான கூத்துத்தான். மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் மரநிழலில் சரிந்த நேரத்தில், அகஸ்ரின் அண்ணை புல்வெளிக்குக் குறுக்கே குளிர்ப்பெட்டிகளையும் பெரிய பச்சை வத்தகப்பழங்களையும் ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வரிசையின் நடுவில் ஓர் ஆள் போக மட்டும் இடைவெளி விட்டார். அங்கிருந்து காலை எட்டிவைத்து எண்பது கவடு நடந்துபோய் ஒரு குடையைப் புல்லில் குத்தினார். குடைக்குப் பின்னால் இன்னும் இருபது கவடு தள்ளி அவருடைய மனைவி யூஜினி அக்கா, கயிறிழுத்தல் கொடி கட்டிய நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் கோபுரம். வெயிலில நிக்கிறன், கெதியா வந்து பாருங்கோ" என்று யூஜினி அக்கா கூப்பிட்டார்.

சனம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. அகஸ்ரின் அண்ணை அன்புராசாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வரிசைக்கு வெளியே வெகு தூரத்தில் நிறுத்தினார்.

"தலைவர், நீர்தான் படகு. குடைதான் பெருக்கமரம். கீழ பாக்கப்படாது. குடைக்கு நேர மேல கொடி தெரியிற மாதிரிப் பிடிச்சு நடந்து வாரும்."

அன்புராசா தமாஷாக இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக்கொண்டு நடந்தார். நிமிர்ந்த தலையோடு வந்தவர் வத்தகப்பழங்களின் நடுவே இருந்த இடைவெளிக்குள்ளால் ஒன்றிலும் படாமல் வெளியே வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இப்ப திரும்பப் போய் நில்லும். யூஜினி, நீ ரெண்டு கவடு கிழக்கால தள்ளி நில்."

யூஜினி அக்கா இரண்டே கவடுதான் நகர்ந்தார். அன்புராசா மறுபடி கொடியையும் குடையையும் ஒன்றாகப் பிடித்தார். பிடிப்பதற்காக அவர் மேற்குப் பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அவருக்கு மட்டும் தெரியவில்லை. இடைவெளியிலிருந்து எட்டுக் கவடு விலகி, அதே நிமிர்ந்த தலையோடு வந்து ஒரு குளிர்ப்பெட்டியில் முழங்காலை இடித்து, வத்தகப்பழத்துக்கு மேலால் புரண்டு விழுந்தார். அவருடைய வெள்ளைச் சேட்டு அன்றோடு முடிந்தது.

சிரிப்பு அடங்கவே இல்லை. ஷரோன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் குடைக்கும் கொடிக்கும் நடுவில் கவடு வைத்து எண்ணினாள். பிறகு குடையிலிருந்து வத்தகப்பழம் வரைக்கும் எண்ணினாள். போனைத் திறந்து ஏதோ கணக்குப் போட்டாள்.

"அப்பா, ஹீ இஸ் றைற். அறுபது அடி தள்ளினா அங்க கடலில இருநூற்றைம்பது அடி விலகுது. வாசலே நூறு அடிதானே."

புல்லில் இருந்தபடி அன்புராசா முழங்காலைத் தடவிக்கொண்டு, "அகஸ்ரின், உதைக் கூட்டத்திலயே விளக்கமாச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

 சிரிப்பு நிற்கும்வரை அகஸ்ரின் அண்ணை ஒரு குளிர்ப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு எங்கள் ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"என்ர தம்பி றோய் கடலில செத்தது எல்லாருக்கும் தெரியும். ஏன் செத்தவன் எண்டு தெரியாது. எண்பத்தொண்டில கோயிலுக்கு வெள்ளை அடிக்கச் சாரம் கட்டியிருந்தவை. கோபுரத்துக்குப் பக்கத்தில, ஒரு இருபது அடி தள்ளி, உயரமாச் சாரம். அண்டைக்கு நான் படகின்ர பழைய பாய் ஒண்டைக் கழுவி, நல்ல காத்துப் பிடிக்கும் எண்டு அந்தச் சாரத்தின்ர உச்சியில காயப் போட்டன். வெள்ளைப் பாய். பின்னேரம் ஒரே பனிப்புகார் மாதிரி மூட்டம். அவன் பாயைக் கோபுரம் எண்டு நினைச்சு நேர் பிடிச்சிருக்கிறான். பாரில ஏறிப் படகு ரெண்டாப் போச்சுது."

யூஜினி அக்கா கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவருடைய தோளைப் பிடித்தார். முப்பத்தைந்து வருடம் அவரோடு வாழ்ந்தும் அன்றுதான் அவரும் அதைக் கேட்கிறார்.

"இருபது அடிதான். நீங்கள் அறுபது அடி எண்டுறியள்" என்றார் அகஸ்ரின் அண்ணை.

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. 'கவனிக்கப்பட்டது' என்று எழுதிய கை இது. அடுத்த கிழமை வாக்கெடுப்பு என்று ஒன்று நடக்கவேயில்லை. அன்புராசாவே எழும்பி, கோபுரம் பழைய அத்திவாரத்தில்தான் என்றார். வான்கள் கோயிலுக்குப் பின்னால் எங்கேயாவது நிற்கட்டும், அல்லது வருகிறவர்கள் நடந்து வரட்டும் என்றார். ஷரோன் படத்தை மாற்றி வரைந்தாள். வரைவதற்கு முன் மோர்னிங்சைட்டில் உள்ள அகஸ்ரின் அண்ணையின் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் அவரோடு இரண்டு சனிக்கிழமை இருந்தாள். பழைய கோபுரத்தின் அகலம் என்ன, மரத்துக்கு மேலால் எவ்வளவு உயரம் தெரிய வேண்டும், என்ன வெள்ளை என்றெல்லாம் கேட்டு எழுதினாள். கறுப்புப் பளிங்கு கடல் பக்கத்தில் கூடாது, தூரத்தில் இருந்து பார்க்கக் கோபுரம் பாதியாகத் தெரியும் என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் பெயர்கள் எல்லாம் கோயிலுக்குள் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகைக்குப் போயின. கதவைத் திறந்து வைத்தால் அது தெரியாது. திருநாளில் கதவு திறந்தேதான் இருக்கும்.

ஒரு கல் மட்டும் கட்டாயம் வேண்டும் என்று நான் நின்றேன். வியாதி ஒரே நாளில் மாறுமா? அகஸ்ரின் அண்ணை சம்மதித்தார், ஆனால் வாசகத்தை அவரே சொன்னார். நான் எழுதினேன். பெருக்கமரத்துக்குப் பக்கத்தில், படகு ஏற்றும் இடத்தில் இப்போது அந்தக் கல் நிற்கிறது: 'இந்த மரத்தையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றாகப் பிடித்து வருக. வழி ஆழமானது. இரண்டில் எதையும் அசைக்க வேண்டாம்.' அதற்குக் கீழே அவருடைய பெயரைப் போடுவோம் என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? நான் கட்டினதோ?" என்றார்.

"றோயின்ர பெயரையாவது போடுவமே அண்ணை."

"அவன்ர பெயர் சேமக்காலையில கிடக்குது. உது கடலுக்குப் போறவன் வாசிக்கிற கல்லு. வேலைக்குரியது மட்டும் இருக்கட்டும்."

நான் எழுதிய கற்களிலேயே ஆட்களின் பெயர் இல்லாத கல் அது ஒன்றுதான். சொல்வதற்கென்ன, நான் பெருமைப்படுகிற கல்லும் அது ஒன்றுதான்.

போன தை மாதம் செபஸ்தியார் திருநாளன்று கோபுரம் திறந்தார்கள். அகஸ்ரின் அண்ணைக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் கிழமை, பயணம் செய்ய முடியவில்லை. அன்புராசா போயிருந்தார். திருநாளுக்கு அடுத்த நாள் இங்கே காலை ஏழு மணிக்கு, ஊரில் பின்னேரம், படகுகள் திரும்பும் நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவதாகச் சொன்னார். நான் பனியைத் தள்ளிக்கொண்டு மோர்னிங்சைட்டுக்குப் போனேன். யூஜினி அக்கா போனைச் சீனிப் போத்தலில் சாத்தி மேசையில் வைத்திருந்தார்.

திரையில் அன்புராசா வந்தார். கரையில் இல்லை, படகில் இருந்தார். உயிர்காப்புச் சட்டை கழுத்துவரை ஏறியிருந்தது. பின்னால் சுக்கானில் டெஸ்மன் என்ற ஊர்ப் பொடியன். முப்பது வயதிருக்கும், ஒரு நாளும் வாசலால் வந்தவனல்ல. அவனுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு படகுகள், இவன் எப்படிப் போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றன.

"அகஸ்ரின், நீர் சொன்னா வாறம். சொல்லாட்டிச் சுத்திக்கொண்டு போறம்" என்றார் அன்புராசா. 

"போனைக் கரைக்குத் திருப்பும்" என்றார் அகஸ்ரின் அண்ணை.

திருப்பினார். மரம் தெரிந்தது. அதற்கு இடப்பக்கத்தில் வெள்ளையாகக் கோபுரம். அகஸ்ரின் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"தம்பி டெஸ்மன், இன்னும் கொஞ்சம் கிழக்கால வா. இன்னும். கோபுரம் மரத்துக்குப் பின்னால வருகுது, தெரியுதோ? ஆ, நில். இப்ப ஒண்டாக் கிடக்குது. உப்பிடியே பிடி. கீழ பாக்காத."

படகு வந்தது.  இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளையாக உடைவது தெரிந்தது, நடுவில் நீலமாக ஒரு கோடு.

"வலக்கைப் பக்கம் கறுப்பாத் தெரியுது பார், உதிலதான் றோய்" என்று மெல்லச் சொன்னார் அகஸ்ரின் அண்ணை. டெஸ்மனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். தலையில் கட்டியிருந்த துணியை ஒரு கையால் அவிழ்த்து மடியில் வைத்தான். மற்றக் கை சுக்கானை விடவில்லை.

பிறகு தண்ணீர் அமைதியானது. படகு வாசலுக்குள் வந்துவிட்டது. அன்புராசா அழுதுகொண்டு சிரித்தார். டெஸ்மன் எழும்பி நின்று, பார் தாண்டி வெளியே நிற்கும் படகுகளைப் பார்த்துக் கையை வாயில் குவித்துக் கத்தினான்.

"பயமில்லை, வாங்கோ. அகஸ்ரின் நேரில வாங்கோ."

யூஜினி அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.  அகஸ்ரின் அண்ணை போனைக் கையில் எடுத்துக் காதோடு வைத்தார்.

"தம்பி, என்ன நேர் எண்டு சொன்னனீ? இஞ்ச வடிவாக் கேக்கேல்லை, ஒருக்காத் திருப்பிச் சொல்லு."

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.